தேயிலை என்று அடித்தால் பெட்டி பெட்டியாய்: விண்டோஸ் 98-க்குள் தமிழ் நுழைந்த கதை

போன சித்திரை வருசத்துக்கு வீட்டுக்குப் போயிருந்தப்ப, அலுமாரியின் அடித்தட்டில் ஒரு சீடியும் மூணு ஃபுளொப்பியும் கிடைச்சது. சீடியின் மேல் மார்க்கர் பேனாவால் ‘மலர் 2005’ என்று எழுதியிருந்தது. என் எழுத்துதான். நான் ஒன்பதாம் ஆண்டு படிக்கும்போது எங்கள் தோட்டப் பாடசாலை ஒரு விழா மலர் போட்டது. அதை டைப் பண்ணிய ஆறு பேரில் நானும் ஒருவன்.

ஃபுளொப்பியைப் போட இப்போது எந்த கொம்பியூட்டரிலும் ஓட்டை இல்லை. சீடிக்கு ஒரு டிரைவை இரவல் வாங்கித் திறந்தேன். ஃபைல் திறந்தது. ஆனால் திரை முழுக்க ஆங்கில எழுத்து. முதல் கட்டுரையின் தலைப்பு இப்படி இருந்தது: பெரிய என், சின்ன ஜே, ஏ, பி, ஐ, வை. தங்கச்சி எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணே, வைரஸ் போல, மூடிருங்க” என்றாள்.

எனக்கு அது வைரஸ் இல்லை என்று பார்த்ததுமே தெரியும். அது ‘தேயிலை’. பாமினியில் கை பழகிய எவருக்கும் அந்த ஆறு எழுத்து தேயிலையாகத்தான் தெரியும். என் என்றால் இரட்டைக்கொம்பு, ஜே என்றால் த, ஏ என்றால் ய, பி என்றால் விசிறி, ஐ என்றால் ஐகாரக் கொம்பு, வை என்றால் ல. இருபது வருசம் கழிச்சும் விரலுக்கு ஞாபகம் இருக்கு.

அன்றைக்கு உட்கார்ந்து யோசித்ததுதான் இந்தக் கட்டுரை. புதிய கணினிக்காகச் செய்த தமிழ், பழைய கணினி மட்டுமே வைத்திருந்த மலையகத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது, யார் கொண்டுவந்தார்கள், அதற்கு நாம் இன்றைக்கும் என்ன விலை கொடுக்கிறோம் என்பதுதான் விசயம்.

முதலில் எங்களிடம் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். பாடசாலைக்கு நன்கொடையாக நாலு கணினி வந்திருந்தது. எங்கேயோ ஒரு கந்தோரில் ஓடிக் களைத்து, கழித்துவிடப்பட்டு, பெட்டியில் ஏறி மலைக்கு வந்தவை. நாலில் இரண்டு வேலை செய்தது. இரண்டிலும் விண்டோஸ் 98. மெமரி 32 எம்பி. மழைக்காலத்தில் மின்சாரம் குறைந்து ஏறும். யூபிஎஸ் கீச் கீச்சென்று கத்தும். உடனே சேர் ஓடிவந்து “சேவ் பண்ணு, சேவ் பண்ணு” என்பார். இன்டர்நெட் பார்க்க வேண்டுமென்றால் ஹட்டன் டவுனுக்கு பஸ் ஏறி, ஒரு கொமினிகேஷனில் மணிக்கணக்குக்குக் காசு கொடுக்க வேண்டும். அங்கேயும் 98 தான். அரசாங்கத்தின் ‘நெனசல’ நிலையங்கள் கோயில்கள், விகாரைகள், நூலகங்களில் திறக்கத் தொடங்கியிருந்த காலம் அது. எங்கள் டிவிஷனுக்கு அந்த நல்ல செய்தி வந்து சேரவில்லை. இலங்கையில் கணினி அறிவைப் பற்றித் தொகைமதிப்புத் திணைக்களம் எடுத்த கணக்குகளில் நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று வரி வரும். தோட்டம் எந்த இடத்தில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இனி பாமினி. பாமினி ஒரு எழுத்துரு, அவ்வளவுதான். மென்பொருள்கூட இல்லை. கணினிக்குத் தமிழ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதனிடம் ‘ஜே’ என்ற ஆங்கில எழுத்தைக் கொடுக்கிறோம். அந்த எழுத்தை வரைய வேண்டிய இடத்தில் ‘த’வின் படத்தை வைத்திருக்கிறோம். கணினி தான் ஆங்கிலம் எழுதுவதாக நினைத்துக்கொண்டே தமிழ் எழுதும். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று அடித்தால் திரையில் ‘தமிழ்’. ‘கொ’ வேண்டுமென்றால் பழைய டைப்ரைட்டரில் அடித்த மாதிரியே முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். மூணு தட்டு.

ஏமாற்று வேலைதான். ஆனால் அதன் பலத்தைக் கவனியுங்கள். விண்டோஸ் 3.1-இல் ஓடும், 95-இல் ஓடும், 98-இல் ஓடும், இன்றைய விண்டோஸ் 11-இலும் ஓடும். ஆங்கிலம் எழுதத் தெரிந்த எந்தப் பழைய இயந்திரத்திலும் ஒரே ஒரு சின்ன ஃபைலைப் போட்டால் போதும். ஃபுளொப்பியில் கொண்டுபோகலாம். அதனால்தான் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கலியாணக் காட், தேர்த் திருவிழா நோட்டிஸ், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரம், வெளிநாட்டு வேலைக்கான பயோடேட்டா, மரண அறிவித்தல் எல்லாம் பாமினியில் நடந்தது. இலங்கைத் தமிழர் எழுதிய ஒரு பெரிய பங்கு பாமினிக்குள்தான் கிடக்கிறது. (சிங்களத்துக்கும் இதே கதைதான், அவர்களுக்கு எஃப்எம் வகை எழுத்துருக்கள். கடைக்காரர் ஒரே கீபோட்டில் மாறி மாறி இரண்டையும் அடிப்பார். அந்த வேகத்தைப் பார்க்கவே காசு கொடுக்கலாம்.)

பழைய கணினிக்கு அது அறியாத மொழியைக் கற்றுக்கொடுக்கும் வேலை பாமினியோடு தொடங்கியதல்ல. 1980களில் கனடாவில் இருந்த சீனிவாசன் டாஸ் கணினிக்கு ‘ஆதமி’ என்ற தமிழ்ச் செயலியைச் செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’ செய்தார். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 1990களின் தொடக்கத்தில் ‘மயிலை’ எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். இந்தியாவில் கொஞ்சம் வேறு மாதிரி போனார்கள். கான்பூர் ஐஐடியில் தொடங்கி, பின்னர் புனேயின் சி-டாக் நிறுவனம் வளர்த்தெடுத்த ‘ஜிஸ்ட்’ தொழில்நுட்பத்தில் ஒரு அட்டையே உண்டு. அந்த அட்டையைக் கணினிக்குள் செருகினால், ஆங்கிலத்துக்காகவே எழுதப்பட்ட டாஸ் செயலிகள் இந்திய மொழி எழுத்துகளைத் திரையில் காட்டும். செயலியை மாற்றவில்லை, இயங்குதளத்தை மாற்றவில்லை. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளரை உட்கார வைத்தார்கள். எனக்கு இதில் ஜிஸ்ட் அட்டைதான் அழகாகத் தெரிகிறது. ஆனால் அட்டைக்குக் காசு வேணுமே. எழுத்துருவுக்கு ஒரு ஃபுளொப்பி போதும்.

பிரச்சினை என்ன? ஆளுக்கொரு தமிழ். பாமினியில் ‘த’ இருக்கும் இடத்தில் வேறொரு எழுத்துருவில் வேறு எழுத்து இருக்கும். கொழும்பில் அடித்ததைச் சென்னையில் திறந்தால் கிறுக்கல். இதைச் சீர்செய்ய 1990களின் இறுதியில் மின்னஞ்சல் குழுக்களில் கூடிப் பேசி ‘திஸ்கி’ என்ற பொதுக் குறியேற்றத்தைச் செய்தார்கள். 1999-இல் தமிழ்நாடு அரசு ‘டாம்’, ‘டாப்’ என்று தன் பங்குக்கு இரண்டைக் கொண்டுவந்தது. ஒற்றுமைக்காகத் தொடங்கியது இன்னும் மூன்றாகப் பிரிந்தது. நம்ம ஆட்களின் சங்கங்களைப் போலத்தான்.

இதற்கெல்லாம் மேலே யூனிகோட் வந்தது. உண்மையில் அது முன்னமே வந்துவிட்டது: 1991-இல் வெளியான முதல் யூனிகோட் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. உலகத்தின் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நிரந்தர எண். ‘த’வுக்கு ஒரு எண், அதை வேறு எவரும் தொட முடியாது. கிட்டத்தட்ட முகவரி மாதிரி. லயத்துக் காம்பரா ஒன்றுக்குத் தனி முகவரி கிடையாது, கடிதம் எல்லாம் தோட்டத்து ஒஃபீசுக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது வர வேண்டும் என்று வளர்ந்தவனுக்கு, ‘த’வுக்கே தனி முகவரி கிடைத்தது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஆனால் பாமினியைப் போல் யூனிகோட் கணினியை ஏமாற்றவில்லை. கணினி உண்மையாகவே தமிழ் படித்திருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. ‘தே’ என்பதை யூனிகோட் எப்படிச் சேமிக்கிறது தெரியுமா? முதலில் த, அடுத்து இரட்டைக்கொம்பு. நாம் உச்சரிக்கும் வரிசை. ஆனால் தாளில் கொம்பு முன்னால் வர வேண்டும். அந்த இடமாற்றத்தை எழுத்துரு மட்டும் செய்ய முடியாது. இயங்குதளத்துக்குள் எழுத்துகளை வடிவமைக்கும் ஒரு பகுதி இருந்து செய்ய வேண்டும். மைக்ரோசொப்ட் அதற்கு வைத்த பெயர் யூனிஸ்க்ரைப். ‘கு’வுக்கு வளைவு போடுவதும் அதன் வேலைதான்.

விண்டோஸில் இந்த வசதி தமிழுக்கு முதலில் வந்தது விண்டோஸ் 2000-இல். கூடவே ‘லதா’ எழுத்துரு. பிறகு 2001-இல் எக்ஸ்பி. எக்ஸ்பியிலும் நேரே வேலை செய்யாது. கொன்ட்ரோல் பெனலுக்குப் போய், மொழிப் பகுதியில் சிக்கலான எழுத்துகளுக்கான கோப்புகள் என்று ஒரு கட்டத்தில் சரி போட வேண்டும். உடனே அது ‘விண்டோஸ் சீடியைப் போடு’ என்று கேட்கும். கொப்பி சீடியில் போட்டவன் எந்த சீடியைத் தேடுவான்? இது டவுன் கதை. எங்களுக்கு அந்த இடத்துக்கே போக வழியில்லை. விண்டோஸ் 98-க்குக் குறைந்தது 16 எம்பி மெமரி போதும். எக்ஸ்பிக்குக் குறைந்தது 64, நல்லா ஓட 128, டிஸ்கில் ஒன்றரை ஜிபி. எங்கள் நன்கொடைப் பெட்டியில் 32 எம்பி இருந்தது என்று சொன்னேன் அல்லவா? அதில் எக்ஸ்பி போடுவது எங்க தாத்தாவை ஓட்டப்பந்தயத்தில் விடுவது போல.

யூனிகோட் தமிழ்ப் பக்கம் ஒன்றை அந்தக் கணினியில் திறந்தால் வரிசை வரிசையாகச் சதுரப் பெட்டி. எங்காவது தேடி ஒரு யூனிகோட் எழுத்துருவைப் போட்டாலும் வடிவமைக்கும் பகுதி இல்லாத செயலிகளில் கொம்பு எல்லாம் இடம் மாறி நிற்கும். ‘தேயிலை’யின் இரட்டைக்கொம்பு த-வைத் தாண்டிப் போய் ய-வின் தோளில் ஏறிக்கொள்ளும், ஐகாரக் கொம்பு ல-வுக்குப் பின்னால் ஆதரவில்லாமல் நிற்கும். தமிழ்தான், ஆனால் வாய்க்கு வராது.

பழைய கணினி வைத்திருந்தவர்களை மைக்ரோசொப்ட் முழுவதாகக் கைவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2001-இல் விண்டோஸ் 95, 98, எம்ஈ ஆகியவற்றுக்காக ஒரு பாலத்தை வெளியிட்டார்கள். யூனிகோடுக்காக எழுதிய புதிய செயலிகளைப் பழைய விண்டோஸில் ஓட வைக்கும் அடுக்கு அது. ஃபைலின் பெயர் ‘யூனிகவ்ஸ்’. மாடு என்று பொருள்படும் சொல் பெயருக்குள் இருப்பதால் அதை வைத்து நிறையப் பகிடி உண்டு. உள்ளே அவர்கள் வைத்த செல்லப்பெயர் ‘கோடோ’. பெக்கெட்டின் நாடகத்தில் எல்லோரும் காத்திருக்க, கடைசிவரை வராமலே போகிறாரே, அந்தக் கோடோ. அவ்வளவு காலம் நிரலாளர்கள் அதற்காகக் காத்திருந்தார்களாம். அதில் வேலை செய்த மைக்கேல் கப்லான் பிற்காலத்தில் தன் பதிவுகளில் தமிழைப் பற்றி அக்கறையோடு எழுதியவர் என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்தப் பாலம் எப்படி வேலை செய்தது என்று பார்த்தால் நம்ம தலையெழுத்து விளங்கும். செயலி யூனிகோடில் ஒரு பெயரைக் கொடுக்கும். யூனிகவ்ஸ் அதை வாங்கி, அந்தக் கணினியின் பழைய குறிமுறைக்கு மாற்றி, விண்டோஸ் 98-இடம் கொடுக்கும். ரஷ்ய மொழிக்குப் பழைய குறிமுறை இருந்தது. கிரேக்கத்துக்கு இருந்தது, அரபுக்கு, தாய்லாந்து மொழிக்கு, ஜப்பானிய மொழிக்கு இருந்தது. தமிழுக்கு விண்டோஸில் பழைய குறிமுறை என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஹிந்திக்கும் இல்லை, சிங்களத்துக்கும் இல்லை. மாற்ற இடமில்லாவிட்டால் என்ன செய்யும்? கேள்விக்குறி போடும். ஆகவே ஃபைலின் பெயர், மெனு, ஜன்னலின் தலைப்புப் பட்டை எல்லாம் வரிசையாகக் கேள்விக்குறி. பாலம் இருந்தது, கடக்க வேண்டுமென்றால் முன்பே அக்கரையில் ஒரு வீடு இருந்திருக்க வேண்டும்.

குடியுரிமைச் சட்டத்தின் கதையைப் படித்த மலையகத்துப் பிள்ளைக்கு இந்தத் தர்க்கம் புதிதாக இருக்காது. 1948-இல் நம்ம தாத்தா பாட்டியிடம் கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான்: உன் பழைய பத்திரம் எங்கே? யாரும் கெட்ட எண்ணத்தோடு அந்த ஃபைலை எழுதவில்லை, உண்மைதான். 1948-ஐ அப்படிச் சொல்ல மாட்டேன்.

விண்டோஸ் 98-க்குள் யூனிகோட் தமிழ் நுழைந்தது வேறு வாசல் வழியாக. அந்த வாசல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர். அதன் ஐந்தரை, ஆறாம் பதிப்புகளைப் போட்டால், உலாவி தன்னோடு யூனிஸ்க்ரைப்பையும் கூட்டி வரும். இயங்குதளத்துக்குத் தமிழ் தெரியாது. அதன் மேல் ஓடும் உலாவிக்குத் தெரியும். வீட்டுக்காரருக்குத் தெரியாத பாஷை வாடகைக்கு இருப்பவருக்குத் தெரிந்த மாதிரி. ஜன்னலுக்கு உள்ளே தமிழ் ஒழுங்காக வரும். ஜன்னலின் தலைப்பில் இன்னும் கேள்விக்குறிதான்.

எழுத்துருதான் மிச்சம். விண்டோஸ் 98-இல் லதா கிடையாது. கொமினிகேஷன் கடைக் கணினியில் நாமாக எழுத்துரு இறக்கிப் போட விடமாட்டார்கள். அந்த இணைப்பு வேகத்தில் இறக்கி முடிக்கவும் மணிக்காசு போதாது. இந்த இடத்தில்தான் உமர் தம்பி வருகிறார்.

உமர் தம்பி தஞ்சை மாவட்டத்து அதிராம்பட்டினத்துக்காரர். 1953-இல் பிறந்தவர். கணினியில் தமிழ் எழுதுவோருக்காகப் பல கருவிகளைச் செய்து சும்மா கொடுத்தார். அதில் ஒன்று ‘தேனீ’ எழுத்துரு. அதை அவர் இயங்கு எழுத்துருவாக மாற்றி வைத்தார். இணையப் பக்கத்தோடு சேர்ந்தே எழுத்துருவும் வந்து இறங்கும் முறை அது. மைக்ரோசொப்ட் தன் உலாவிக்காக 1990களிலேயே கொண்டுவந்த வசதி. வாசகர் எதையும் நிறுவத் தேவையில்லை. பக்கத்தை எழுதுபவர் தன் வார்ப்புருவில் சில வரிகளைச் சேர்த்தால் போதும். பக்கம் திறக்கும், எழுத்து தானாக வந்து உட்காரும். விண்டோஸ் 98-இலும்.

தமிழ் வலைப்பதிவுகள் 2003-இல் துளிர்த்து, 2004-இல் காசி ஆறுமுகம் ‘தமிழ்மணம்’ திரட்டியைத் தொடங்கிய காலம் அது. வலைப்பதிவர்கள் பலர் தேனீயைத் தங்கள் பக்கங்களில் சேர்த்தார்கள். சென்னையிலோ சிங்கப்பூரிலோ புதிய எக்ஸ்பியில் உட்கார்ந்து எழுதியவருக்குத் தன் திரையில் எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது. அந்தச் சில வரிகளை அவர் சேர்த்தது தனக்காக அல்ல. 98 வைத்திருந்த எங்களுக்காக.

எனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கிறது. ஹட்டனில், மழை. கொமினிகேஷனில் நானும் இன்னொரு பையனும் ஒரு கதிரையில் பாதிப் பாதி. ஒரு பக்கத்தைத் திறந்தோம். முதலில் வழக்கம் போலப் பெட்டி. மூட கை போச்சு. “பொறுடா” என்றான். கண் முன்னால் பெட்டிகள் ஒவ்வொன்றாக எழுத்தாக மாறின. கொம்பு தன் இடத்தில், கால் தன் இடத்தில். யாரோ ஒருவர் தன் ஊர்க் குளத்தைப் பற்றி எழுதிய சாதாரணப் பதிவு. நாங்கள் அதை முழுதும் படித்தோம், காசு போனாலும் பரவாயில்லை என்று. தமிழில் வாசிக்கக் கிடைத்தது பாடப்புத்தகமும் பழைய பேப்பரும் என்றிருந்த இடத்தில், நேற்று ராத்திரி யாரோ எழுதியதை இன்றைக்கு வாசிப்பது என்ன மாதிரி உணர்வு என்பதை இப்போது ஃபோனில் தமிழ் படித்து வளர்ந்தவர்களிடம் சொல்லி விளங்க வைக்க எனக்குத் தெரியவில்லை.

தேனீக்கும் எல்லை உண்டு. அது எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான் பறக்கும். 2004-இன் கடைசியில் வந்த ஃபயர்பொக்ஸில் வேலை செய்யாது. வாசிக்க முடிந்ததே தவிர, நோட்பேடில் யூனிகோட் எழுத முடியாது. 98-இன் நோட்பேடுக்கு அது தெரியாது. அதற்கும் ஒரு ஆள் வழி வைத்திருந்தார். ஈழத்தவரான சுரதா யாழ்வாணன் இணையப் பக்கத்துக்குள்ளேயே இயங்கும் எழுத்துரு மாற்றிகளைச் செய்து வைத்தார். ‘பொங்கு தமிழ்’ என்று பெயர். மேல் பெட்டியில் பாமினியில் அடித்ததை ஒட்டினால், கீழ்ப் பெட்டியில் யூனிகோடாகப் பொங்கி வரும். எந்த மென்பொருளையும் நிறுவ வேண்டாம், உலாவி ஒன்று இருந்தால் போதும். பாமினியில் பழகிய விரலை மாற்றச் சொல்லாமல், அந்த விரலை அப்படியே புதிய தமிழுக்குக் கூட்டிப் போனதால்தான் இலங்கையில் இருந்து பலர் இணையத்தில் எழுத வந்தார்கள் என்று நான் நினைக்கிறேன். பின்னால் முகுந்த் முதலியோரின் ‘எ-கலப்பை’யிலும் பாமினி விசைமுறை வந்தது. 2008-இல் இலங்கை, தமிழுக்கான தன் தரத்தை எஸ்எல்எஸ் 1326 என்ற இலக்கத்தில் வெளியிட்டது. ரெங்கநாதன் விசைப்பலகை என்பார்கள். தரம் நல்லதுதான். ஆனால் ஹட்டன் கடைகளில் விரல்கள் பாமினியை விட்டு அசையவில்லை.

இரண்டு வேறு வழிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று லினக்ஸ். பழைய பெட்டியில் ஓடக்கூடிய சின்ன லினக்ஸ்கள் இருந்தன. உபுண்டு அந்தக் காலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் சீடியை இலவசமாகத் தபாலில் அனுப்பியது. நாங்களும் கேட்டோம். தபாலில் வர முகவரி வேண்டும். தோட்டத்து ஒஃபீஸ் முகவரியைக் கொடுத்தோம். வந்ததா, வந்து யாருடைய மேசையில் கிடந்ததா, இன்று வரை தெரியாது. மற்றது ‘கெர்னல்எக்ஸ்’. விண்டோஸ் 98 மேல் பாசம் விடாத சிலர் செய்த திறந்த மூல அடுக்கு. 2000, எக்ஸ்பிக்கான செயலிகளைப் பழைய 98-இல் ஓட வைக்கும். அருமையான வேலை. ஆனால் அது பேசப்பட்ட 2009 வாக்கில் எங்கள் பாடசாலையின் இரண்டு கணினியும் செத்துவிட்டன. மதர்போர்டில் பூஞ்சணம். மலைப் பனிக்கு எந்த அடுக்கும் மருந்து கிடையாது.

மைக்ரோசொப்ட் விண்டோஸ் 98-க்கான ஆதரவை 2006 ஜூலையில் நிறுத்தியது. அதே ஜூலையில்தான் உமர் தம்பி இறந்தார். 53 வயது. செய்தி எனக்குத் தெரிய வந்தது பல வருசம் கழிச்சு.

இப்போது என் சீடிக்கு வருகிறேன். கதை இங்கே தலைகீழாகிறது. அன்றைக்குப் புதிய தமிழைப் பழைய கணினியில் ஓட்ட முடியாமல் தவித்தோம். இன்றைக்குப் பழைய தமிழைப் புதிய கணினியில் திறந்தால் ‘வைரஸ்’ என்கிறாள் தங்கச்சி. கூகிளில் தேடினால் பாமினியில் கிடப்பது அகப்படாது. கணினியைப் பொறுத்தவரை அதில் தமிழே இல்லை. 1990களின் நடுவில் தொடங்கிப் பத்துப் பதினைந்து வருசம் மலையகத்தில் அடித்த சங்கத்துச் சுற்றறிக்கை, பாடசாலை மலர், கவிதைத் தொகுப்பு, சம்பளக் கோரிக்கைக் கடிதம், கோயில் கணக்கு எல்லாம் இந்த நிலையில் யாரோ ஒருவரின் அலுமாரியில் இருக்கிறது. அச்சில் வந்ததாவது தப்பியிருக்கலாம். 2005 முதல் ‘நூலகம்’ திட்டம் ஈழத்துத் தாள்களைத் தேடித் தேடி வருடி இணையத்தில் வைக்கிறது. தாளுக்கு எழுத்துரு பிரச்சினை இல்லை. அச்சுக்குப் போகாமல் டிஸ்கிலேயே தங்கியதற்கு அந்த வழியும் இல்லை. எங்கள் மலருக்கு அச்சுப் பிரதி இருந்தது. 2007 மழையில் கூரை ஒழுகி எங்கள் வீட்டுப் பிரதி கூழாகிவிட்டது.

ஒரு வாரம் இரவில் உட்கார்ந்து மாற்றினேன். மாற்றிகள் நல்லா வேலை செய்கின்றன, ஆனால் மாற்றிக்கு எது ஆங்கிலம், எது பாமினி என்று தெரியாது. இரண்டுமே அதற்கு ஒரே எழுத்துகள். ஆகவே கட்டுரைக்கு நடுவே ஆங்கிலத்தில் அடித்திருந்த ‘டீ’ என்ற சொல் ‘வநய’ என்று வந்தது. ‘எஸ்டேட்’ ‘நளவயவந’ ஆனது. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு தோட்டத் தொழிலாளர் பெயர்ப் பட்டியல் ஒன்று வந்தது. மலருக்காக நாங்கள் லயம் லயமாகப் போய், 1950களுக்கு முன் பிறந்தவர்களிடம் கேட்டு எழுதியது: பெயர், எந்த ஊரில் இருந்து அப்பா அம்மா வந்தார்கள், எந்தத் தோட்டத்தில் முதல் பேர் பதிந்தது. சிலரின் பெயரை அவர்கள் காட்டிய அட்டையில் இருந்தபடி ஆங்கிலத்திலேயே அடித்திருக்கிறோம். சிலதைத் தமிழில். எது எது என்று எங்கேயும் குறிக்கவில்லை. பதினாலு வயசில் இதெல்லாம் யோசிக்கத் தோன்றுமா?

கந்தசாமியா, ஆங்கிலத்தில் அடித்த வேறொரு பெயரின் சிதைவா என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கி அடித்துப் பார்க்கிறேன். நாற்பத்திரண்டு பெயரில் முப்பத்தாறு சரியாகிவிட்டது. மிச்சம் ஆறுக்கு அம்மாவிடம் ஃபோனில் கேட்டேன். மேட்டு லயத்தில் இரண்டு பேரை அவருக்கு ஞாபகம் இருந்தது, பெயரோடு, எந்தக் காம்பரா என்பதோடு. நாலு பேர் இன்னும் இருக்கிறார்கள். ஃபுளொப்பியில் அந்தப் பட்டியலின் முதல் பிரதி இருக்கக்கூடும். யூஎஸ்பியில் செருகும் ஃபுளொப்பி டிரைவ் ஒன்று கொழும்பில் ஒரு கடையில் இருப்பதாகச் சொன்னார்கள். அடுத்த போயா லீவுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.